பாழ் என்று எழுதினது ஆர்?

கொம்பனித்தெருவில ஒரு முடுக்குக்குள்ள எங்கட பட்ச் தோழி ஒருத்தியின்ர உம்மும்மா வீடு இருந்தது. இரண்டு தட்டு. கீழ சீமெந்துத் தரை, மேல பலகைத் தரை. வாசலில நின்று கையை நீட்டினால் முன்வீட்டு யன்னலைத் தொடலாம். உம்மும்மா விடிய நாலு மணிக்கு எழும்பி இடியப்பம் அவிப்பா. ஆறரைக்குள்ள முடுக்கு வாயில வைச்சு விற்று முடிச்சிடுவா. கந்தோருக்குப் போற சனம்தான் வாடிக்கை. வீட்டுக்கு உறுதி இருந்தது. மின்சார பில், தண்ணி பில், சோலைவரி கட்டின துண்டு எல்லாம் ஒரு பிஸ்கட் டின்னுக்குள்ள அடுக்கி இருந்தது.

ஒருநாள் அதிகாரிகள் வந்து சுவரில சிவப்புப் பெயின்ற்றால ஒரு இலக்கம் எழுதினார்கள். அதுக்குப் பிறகு நடந்த கூட்டங்களிலயும் வந்த கடிதங்களிலயும் அந்த வீட்டுக்கு ஒரு புதுப் பெயர் வந்தது: ‘குறைவசதிக் குடியிருப்பு’. எங்கட தோழி சொன்னாள், “நான் ஓஎல், ஏஎல் ரெண்டும் படிச்சது அந்த மேல்தட்டில. அது குறைவசதி எண்டு எனக்கு அந்தக் கடிதம் வரும் வரைக்கும் தெரியாது.”

நாங்கள் சட்டம் படிக்கிற ஆக்கள் இல்லை. கலைப்பீடம். ஆனாலும் அவளின்ர கதையைக் கேட்ட பிறகு நாலு பேர் சேர்ந்து இந்த விசயத்தைத் தோண்டத் தொடங்கினோம். ஒரு அரசு தனியார் வீட்டைப் ‘பாழ்’ என்று சொல்லி எடுத்து, இன்னொரு தனியாருக்கு விற்கலாமா? வாசிக்க வாசிக்க எங்களுக்குப் பட்டது இதுதான்: எடுக்கும்போது சொல்லுற காரணத்தை மட்டும் பார்த்தால் ஒன்றும் விளங்காது. பிறகு அந்தக் காணி ஆருக்குப் போனது என்று பார்த்தால்தான் காரணம் விளங்கும்.

அமெரிக்காவில இதுக்கென்றே ஒரு சொல் இருக்கு, ‘பிளைட்’. முதலில அது பயிருக்கு வாற நோயின்ர பெயர். உருளைக்கிழங்குச் செடி கருகிப்போகுமே, அது. பிறகு நகரங்களுக்கு வந்தது. நோய் என்று சொல்லிவிட்டால் அடுத்த வசனம் தானாக வரும்: பரவ முதல் பிடுங்கி எறி. நல்லா நிற்கிற செடியையும் சேர்த்துப் பிடுங்கினால் ஒருத்தரும் கேள்வி கேட்கமாட்டினம்.

1954இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ‘பெர்மன் எதிர் பார்க்கர்’ வழக்கு கிட்டத்தட்ட அந்த நல்ல செடியைப் பற்றினதுதான். வோஷிங்டன் நகரின்ர தென்மேற்குப் பகுதியைப் பாழடைந்த பகுதி என்று சொல்லி முழுசாக எடுக்கத் திட்டம் போட்டார்கள். எடுத்த காணியின் ஒரு பகுதியை வீதிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் வைச்சுக்கொண்டு, மிச்சத்தைத் தனியார் நிறுவனங்களுக்கு விற்கலாம் அல்லது குத்தகைக்குக் கொடுக்கலாம் என்றது சட்டம். அந்தப் பகுதிக்குள்ள ஒரு டிபார்ட்மென்ட் ஸ்டோர் இருந்தது. கடை நல்ல நிலையில இருந்தது, சேரி வீடும் இல்லை. “எங்கட கட்டடம் பாழ் இல்லையே, அதை ஏன் எடுத்து இன்னொரு வியாபாரிக்குக் கொடுக்கிறீங்கள்?” என்பதுதான் அவர்களின் வாதம். நீதிபதிகள் ஒருமனதாக மறுத்தார்கள். ஒவ்வொரு கட்டடமாகப் பார்க்கத் தேவையில்லை, பகுதியை முழுசாகப் பார்த்தால் போதும், நகரம் அழகாக இருக்கவேண்டும் என்று நினைக்கவும் சட்டமன்றத்துக்கு அதிகாரம் இருக்கு என்பது தீர்ப்பின் சாரம்.

அந்தத் தீர்ப்பில கணக்குகளும் இருக்கு. அங்கே இருந்த வீடுகளில் 64.3 சதவீதம் திருத்தமுடியாத நிலை. 57.8 சதவீதத்துக்கு மலசலகூடம் வெளியில. இதை நாங்கள் மறைக்க விரும்பேல்லை, அந்த வீடுகள் உண்மையிலேயே மோசமாகத்தான் இருந்திருக்கு. ஆனால் அதே தீர்ப்பில இன்னொரு கணக்கும் வருது: அங்கே வாழ்ந்தவர்களில் 97.5 சதவீதம் கறுப்பினத்தவர்கள். அந்த மக்களுக்குக் குழாய்த்தண்ணியும் மலசலகூடமும் இல்லாமல் இருந்தது அவர்களின்ர குற்றமா? நகரத்தின் மற்றப் பக்கங்களில அவர்களுக்கு வீடு கொடுக்க மறுத்த காலம் அது. தென்மேற்கு வோஷிங்டனில் இருந்து 20,000க்கு மேற்பட்டவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். புதுசாக வந்த வீடுகளில் பெரும்பாலானவை அவர்களால வாடகை கட்டக்கூடிய வீடுகள் இல்லை.

ஐம்பது வருசத்துக்குப் பிறகு, 2005இல், ‘கீலோ எதிர் நியூ லண்டன்’ வழக்கு வருது. இதில பாழ் என்ற சாட்டுக்கூட இல்லை. கனெக்டிகட் மாநிலத்தில நியூ லண்டன் என்ற சின்ன நகரம். கடற்கரையோரம் ஃபோர்ட் ட்ரம்புல் என்ற குடியிருப்பு. பக்கத்தில பைசர் மருந்து நிறுவனம் ஆய்வுகூடம் கட்டியது. அதோட சேர்த்து ஹோட்டலும் கடைகளும் கந்தோர்களும் வந்தால் வரி கூடும், வேலை கூடும் என்று நகரசபை கணக்குப் போட்டது. சுசெட் கீலோ என்ற தாதி தன்ர இளஞ்சிவப்பு வீட்டைக் கொடுக்கமாட்டேன் என்றார். அவரோட சேர்ந்து வழக்குப் போட்டவர்களில 1918இல் அங்கேயே பிறந்து, பிறந்த வீட்டைவிட்டு அசையாத ஒரு மூதாட்டியும் இருந்தார். அந்த வீடுகள் பழுதானவை என்று நகரசபையே சொல்லேல்லை. திட்டத்துக்குத் தேவையான இடத்தில இருந்ததுதான் அதுகள் செய்த பிழை.

5க்கு 4 என்ற கணக்கில நகரசபை வென்றது. பொருளாதார வளர்ச்சியும் ‘பொதுத் தேவை’தான் என்றார்கள் பெரும்பான்மை நீதிபதிகள். பிறகு என்ன நடந்தது? 2009இல் பைசர் அந்த ஊரை விட்டுப் போகிறதாக அறிவிச்சது. வீடுகள் இடிச்ச காணி வருசக்கணக்கா வெறுமையாகக் கிடந்தது. புல்லும் தெருப்பூனைகளும். ஒரு குடியிருப்பை எடுத்து, உண்மையான பாழ் ஒன்றை உண்டாக்கினார்கள்.

கீலோ தீர்ப்புக்கு எதிராக அமெரிக்காவில பெரிய கொந்தளிப்பு. 40க்கு மேற்பட்ட மாநிலங்கள் சட்டத்தை மாற்றின. ஆனால் அந்தச் சட்டங்களில கனக்க, ‘பாழடைந்த சொத்து என்றால் எடுக்கலாம்’ என்று ஒரு விதிவிலக்கை விட்டுவைச்சன. பாழ் என்றால் என்ன என்ற வரைவிலக்கணமோ, எந்த வீட்டையும் உள்ளுக்கு இழுக்கிற அளவுக்கு அகலம். முன்கதவைப் பூட்டிப்போட்டுப் பின்கதவைத் திறந்து விட்டமாதிரி.

இனி எங்கட நாட்டுக்கு வருவம். இதைத் தேடும்போது எங்களுக்கு ஒரு ஆச்சரியம் காத்திருந்தது. அமெரிக்க நீதிமன்றம் தடுக்காத ஒன்றை, மூன்று வருசத்தில எங்கட உயர் நீதிமன்றம் தடுத்திருக்கு.

பத்தரமுல்லையில ‘வோட்டர்ஸ் எட்ஜ்’ தெரியும்தானே? கலியாண வீட்டுப் படங்களுக்குப் பின்னால தண்ணியும் புல்வெளியும் தெரியுமே, அந்த இடம்தான். அந்தக் காணி பொதுத் தேவைக்கு என்று சொல்லி அரசு எடுத்த காணி. பிறகு நகர அபிவிருத்தி அதிகாரசபை ஊடாக ஒரு தனியார் நிறுவனத்தின்ர கைக்குப் போய், கோல்ஃப் மைதானமாக மாறியது. பொதுநலன் கருதி ஆக்கள் அடிப்படை உரிமை வழக்குப் போட்டார்கள். 2008 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளிச்சது. நீதியரசர் ஷிராணி திலகவர்தன எழுதிய தீர்ப்பு. பொதுத் தேவைக்கு எடுத்த காணியைத் தனியாரின்ர லாபத்துக்குத் திருப்பிவிட்டது மக்களின்ர நம்பிக்கையை மீறின செயல் என்றது. முன்னாள் ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்கவை 30 இலட்சம் ரூபா கட்டச் சொன்னது. ஒரு முன்னாள் ஜனாதிபதியை! நூலகத்தில அதை வாசிச்சிட்டு நாங்கள் சத்தம் போட்டுச் சிரிச்சதில ஏச்சும் வாங்கினோம்.

ஆனால் கடைசிப் பக்கத்துக்கு வரும்போது சிரிப்பு குறைஞ்சிட்டுது. காணி திரும்பிப் போனது அரசின்ர கைக்கு. முதலில ஆரிடம் இருந்து எடுத்தார்களோ அவர்களின்ர கைக்கு இல்லை. இன்றைக்கும் அங்கே கலியாணம் நடக்குது.

இன்னொரு கேள்வியும் வந்தது. 2008இல் இப்படி ஒரு தீர்ப்பு இருக்கும்போது, 2010க்குப் பிறகு கொழும்பில நடந்தது எப்படி நடந்தது?

போர் முடிஞ்ச கையோட, 2010இல், நகர அபிவிருத்தி அதிகாரசபை பாதுகாப்பு அமைச்சுக்குக் கீழ கொண்டுவரப்பட்டது. வீடமைப்புக்கும் பாதுகாப்புக்கும் என்ன சம்பந்தம் என்று அந்த நேரம் கேட்டவர்கள் குறைவு. அந்த வருசம் மே மாதமே கொம்பனித்தெரு மியூஸ் வீதியில வீடுகள் இடிக்கப்பட்டன, இராணுவமும் பொலிசும் நிற்க. பிறகு பெரிய திட்டம் வந்தது. கொழும்பு நகரத்துக்குள்ள 1,499 ‘குறைவசதிக் குடியிருப்புகள்’, அவற்றில 68,812 குடும்பங்கள், அவர்கள் இருக்கிறது நகர நிலப்பரப்பில் கிட்டத்தட்ட 9 சதவீதம், ஏறத்தாழ 900 ஏக்கர் என்று கணக்கு எடுத்தார்கள். இந்தக் கணக்கை ஒருக்கா நிதானமாப் பாருங்கோ. சனத்தை எண்ணினதோட நிற்கேல்லை, நிலத்தையும் அளந்திருக்கினம். நகரத்தின் அரைவாசி மக்கள் என்று சொல்லக்கூடிய அளவு சனம் 9 சதவீத நிலத்துக்குள்ள நெரிஞ்சு இருக்கு என்றால், குறை எங்கே இருக்கு என்று எங்களுக்கு வேற மாதிரி விளங்குது. திட்டத்துக்கு விளங்கினது, அந்த 900 ஏக்கரில பெரும்பகுதியை ‘விடுவிக்கலாம்’ என்பது. சனத்தை அடுக்குமாடியில ஏற்றி, கீழ கிடைக்கிற நிலத்தை வியாபாரத்துக்குக் கொடுத்து, அந்தக் காசில அடுக்குமாடி கட்டுறது. கொம்பனித்தெருவில ஜாவா ஒழுங்கைப் பக்கம் ஏறத்தாழ 8 ஏக்கர், டாட்டா குழுமத்தின் வீடமைப்பு நிறுவனத்தோட செய்த ஒப்பந்தத்துக்குள்ள வந்தது. அங்கே உறுதி வைச்சிருந்தவர்களும் இருந்தார்கள்.

உறுதி இருந்தால் என்ன, இல்லாட்டி என்ன? 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி சுவீகரிப்புச் சட்டத்தின்படி அரசு பொதுத் தேவைக்கு எந்தக் காணியையும் எடுக்கலாம். சட்டத்தில ஒழுங்குமுறை இருக்கு: அறிவித்தல், ஆட்சேபனை, விசாரணை, நட்டஈடு. ஆனால் 5ஆம் பிரிவின்படி, ‘இது பொதுத் தேவைக்கு வேணும்’ என்று அமைச்சர் பிரகடனம் செய்தால் அதுவே முடிந்த முடிவான சான்று. அவசரம் என்றால் 38ஆம் பிரிவின் (அ) வாசகத்தைப் போட்டு, நட்டஈட்டுக் கதை முடிய முதலே காணிக்குள்ள இறங்கலாம். அவசரம் எது என்று தீர்மானிக்கிறதும் அதே ஆக்கள்.

இப்ப நீங்கள் கேட்கலாம், “அப்ப சனம் அந்த முடுக்குக்குள்ளயே கிடக்கவேணும் எண்டுறீங்களா? அரசு எதையும் தொடக்கூடாதா?” நியாயமான கேள்வி. எங்களுக்குள்ளயும் ஒரு ஆள் விடாமல் இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பதில் இந்த நாட்டிலயே இருக்கு. 1973இல் வீட்டுச் சொத்து உச்சவரம்புச் சட்டம் வந்தது. ஒரு ஆள் எத்தனை வீடு வைச்சிருக்கலாம் என்று எல்லை போட்டு, மேலதிக வீடுகளை அரசு எடுத்தது. கொழும்புத் தோட்டங்களில (தேயிலைத் தோட்டம் இல்லை, கொழும்பில தோட்டம் என்றால் வரிசை வரிசையான வாடகைக் குடியிருப்பு) சொந்தக்காரர் வாடகையை மட்டும் வாங்கிக்கொண்டு ஒரு ஓட்டைக்கூட மாற்றாமல் விட்ட வீடுகள் கனக்க. அப்படிப்பட்ட வீடுகளை எடுத்து, அதில குடியிருந்த வாடகைக்காரருக்கே அரசு விற்றது. தனியார் சொத்தைப் பறிச்சு இன்னொரு தனியாருக்கு விற்ற சட்டம்தான் அதுவும். பறிகொடுத்த சொந்தக்காரர் அதை அநியாயம் என்றுதான் சொல்லியிருப்பார்கள், அதில பிழையும் சொல்லேலாது. ஆனால் வாங்கின ஆள் ஆர்? அந்த வீட்டுக் கூரை ஒழுகும்போது வாளி வைச்ச ஆள். பிறகு 1984இல் தொடங்கிய பத்து இலட்சம் வீடுத் திட்டத்தில, இருந்த இடத்திலேயே தண்ணிக் குழாயும் மலசலகூடமும் வீடு திருத்தக் கடனும் கொடுத்தார்கள். அந்தத் திட்டத்திலயும் அரசியல் இருந்தது, குறைகள் இருந்தன. ஆனாலும் ‘குறைவசதி’ என்று கண்டால் செய்யவேண்டியது வசதியைக் கொண்டுவந்து கொடுக்கிறது என்று நினைச்ச ஒரு காலம் இருந்திருக்கு.

ஆக, எடுக்கிற அதிகாரம் ஒன்றுதான். 1973இல் அது வீட்டுக்குள்ள இருந்தவனுக்கு வீட்டைக் கொடுத்தது. நாற்பது வருசத்தில அதே மாதிரி அதிகாரம் வீட்டுக்குள்ள இருந்தவனை வெளியில அனுப்பிட்டு நிலத்தை வியாபாரத்துக்கு வைச்சது.

பாழ் தானாக வாறதும் இல்லை. மீதொட்டமுல்லையை நினைச்சுப் பாருங்கோ. நகரத்தின்ர குப்பையை வருசக்கணக்காகக் கொண்டுவந்து கொட்டினார்கள். சனம் வீதியில இறங்கிக் கத்தியும் கேட்கேல்லை. 2017 ஏப்ரல், புத்தாண்டு நாளில அந்தக் குப்பைமலை சரிஞ்சு 30க்கு மேற்பட்டோர் செத்தார்கள். அதுக்குப் பிறகு அந்தச் சுற்றாடல் வாழத் தகுதி இல்லாத இடம்தான். சனத்தை எழுப்பத்தான் வேண்டியிருந்தது. ஆனால் அந்த இடத்தை வாழத் தகுதி இல்லாமல் ஆக்கினது அங்கே இருந்த சனமா?

வடக்கில இருந்து வாற எங்களுக்கு இது புதுக்கதையும் இல்லை. வலிகாமம் வடக்கில 1990இல் சனத்தை எழுப்பிப்போட்டு, உள்ளுக்கு விடாமல் வேலி போட்டார்கள். 2013 ஏப்ரலில் 6,381 ஏக்கரைச் சுவீகரிக்கப்போவதாக அறிவித்தல் ஒட்டினார்கள். உரிமையாளர்களை அடையாளம் காணமுடியவில்லை என்று அதில எழுதியிருந்தது. அந்த உரிமையாளர்களில கனபேர் சில கிலோமீற்றர் தள்ளி முகாம்களில இருந்தார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். பிறகு கட்டம் கட்டமாகக் கொஞ்சம் கொஞ்சம் விட்டார்கள். போய்ப் பார்த்தால் கூரை இல்லை, சுவருக்குள்ளால ஆலமரம், கிணற்றடி பற்றைக்காடு. இது மறுவிற்பனைக் கதை இல்லை என்று தெரியும். ஆனால் ஒரு சொந்தக்காரனை இருபது வருசம் வெளியில வைச்சிட்டு, காணி கவனிப்பாரற்றுக் கிடக்குது என்று சொல்லுறது எப்படி இருக்கும் என்று எங்கட ஊர்ச் சனத்துக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. கொம்பனித்தெருச் சனத்தின்ர கதையைக் கேட்கேக்க எங்களுக்கு முதல் ஞாபகம் வந்தது அந்த ஆலமரம்தான். ஆனாலும் கொழும்பில வீடுகள் இடிஞ்சபோது வடக்கில இருந்து குரல் பெரிசா எழும்பேல்லை. அதையும் சொல்லத்தான் வேணும்.

எங்களுக்கு என்ன வேணும் என்று கேட்டால், பெரிய புரட்சி ஒன்றும் இல்லை. பாழ் என்று சொல்லுறதென்றால் பகுதியைச் சொல்லாமல் வீட்டைச் சொல்லட்டும். அந்த வீட்டில என்ன பழுது, ஏன் திருத்தேலாது என்று எழுதித் தரட்டும். சொல்லுறவர் காணியை விற்கப்போற ஆளாக இருக்கக்கூடாது. எடுத்த விலையையும் விற்ற விலையையும் ஒரே தாளில போடட்டும். இது ஒன்றே போதும், பாதித் திட்டங்கள் தானாக நின்றிடும் என்பது எங்கட எண்ணம். புதுக் கட்டடம் அதே இடத்தில வந்தால், அதில முதல் உரிமை பழைய ஆளுக்கு. திட்டம் நடக்கேல்லை என்றால் காணி திரும்பிப் போகவேணும்.

கடைசியாகச் சொன்னதுக்குச் சட்டத்தில இடமும் இருக்கு. அதைக் கண்டுபிடிச்ச அன்றைக்குத்தான் நாங்கள் தோழியின்ர புது வீட்டுக்குப் போனோம். ஒன்பதாம் மாடி. 400 சதுர அடிதான். இப்படிப்பட்ட வீடுகளுக்குப் பல குடும்பங்களிடம் ஏறத்தாழ 10 இலட்சம் ரூபாவை, 20 வருசத்துக்கு மாதாமாதம் கட்டும்படி கேட்டிருந்தார்கள். சொந்தமாக இருந்த வீட்டைக் கொடுத்துப்போட்டு, தவணைக்கு ஒரு வீடு. உம்மும்மா இடியப்பம் அவிக்கிறதை விட்டிட்டா. ஒன்பதாம் மாடியில ஆர் வந்து வாங்குறது? போன வருசம் அவ மௌத்தானபோது சந்தூக்கை லிஃப்ட்டுக்குள்ள வைக்க இடம் காணாமல், ஒன்பது மாடியும் படியால தூக்கிக்கொண்டு இறங்கினார்களாம். “முடுக்குக்குள்ளால எத்தனை சந்தூக்குப் போயிருக்கு, ஒருநாளும் சரிக்கத் தேவைப்படேல்லை,” என்றாள்.

பழைய வீடு இருந்த இடத்தில கட்டடம் ஒன்றும் வரேல்லை. தகரவேலி அடிச்சு, உள்ளுக்குத் தார் போட்டு, வாகனம் நிறுத்தக் காசு வாங்குறாங்கள்.

சுவீகரிப்புச் சட்டத்தின்ர 39அ பிரிவு, எடுத்த காணியைச் சொந்தக்காரருக்குத் திருப்பிக் கொடுக்க அமைச்சருக்கு அதிகாரம் கொடுக்குது. 1979இல் சேர்த்த பிரிவு. 1993இல் நீதியரசர் மார்க் பெர்னாண்டோ எழுதிய தீர்ப்பு ஒன்று, அந்த அதிகாரம் அமைச்சரின் தயவு இல்லை, மக்களுக்காக அவர் பொறுப்பில வைச்சிருக்கிற ஒன்று என்றது. ஆனால் நிபந்தனைகள் இருக்கு. நட்டஈடு கொடுத்திருக்கக்கூடாது. காணி பொதுத் தேவைக்குப் பயன்பட்டிருக்கக்கூடாது. காணியில மேம்பாடு எதுவும் செய்திருக்கக்கூடாது.

நட்டஈடு காசாகக் கிடைக்கேல்லை, தவணைக்கு ஒரு வீடாகக் கிடைச்சது. அது நட்டஈடா? வாகனத் தரிப்பிடம் பொதுத் தேவையா? தார் போட்டது மேம்பாடா? நாங்கள் நாலு பேரும் அந்த 400 சதுர அடிக்குள்ள நிலத்தில இருந்து இதையே இரண்டு மணித்தியாலம் பிடுங்குப்பட்டோம். தோழி பிஸ்கட் டின்னைத் திறந்து உறுதியை எடுத்துத் தந்தாள். ஓரம் கரையான் அரிச்சிருக்கு, ஆனால் இலக்கமும் கையெழுத்தும் தெளிவாகத் தெரியுது. வாற கிழமை அதைப் போட்டோப் பிரதி எடுத்துக்கொண்டு ஒரு சட்டத்தரணியைப் பார்க்கப் போறம்.